முப்பது வருஷத்து மஞ்சள்

"குழந்தை ஏன் சார் பச்சையா இருக்கு?"

படம் எடுத்துக்கொள்ள வந்தவளிடமிருந்து ஸ்டுடியோக்காரர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படத்தில் அவள் தோளில் இருந்த குழந்தைக்குப் பாசி பிடித்திருந்தது.

"என் தப்புதாம்மா. இந்த இன்ஸ்டன்ட் ஃபிலிம் கேமராவை விட்டு வெளியே வந்தப்புறம்தான் கலர் பிடிக்கும். அப்ப குளிர் பட்டா வெளிறிப்போய் நீலம், பச்சைன்னு ஓடும். சூடு பட்டா மஞ்சள் ஏறும். கொஞ்சம் வெளிறட்டும்னு ஃப்ரிட்ஜில வச்சேன். உங்க பாப்பாவுக்கு வேடிக்கை காட்டுற ஜோர்ல மறந்துட்டேன். என் மூளையையும் சேர்த்து உள்ளே வச்சுட்டேன் போல."

அவள் சிரிக்கவில்லை. "சாயங்காலம் அம்மாவைக் கொண்டுவந்து விடறாங்க. அதுக்குள்ள வேணும் சார்."

விஷயம் இதுதான். இத்தனை வருடம் மகனோடு இருந்த அம்மாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. மகன் கையை விரித்துவிட்டான். இனி மகள் வீடுதான். கைக்குழந்தையாக இவளை அம்மா தூக்கி வைத்திருந்த ஒரே படம், வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். அதைக் காட்டினால்தான் 'நீ என் பொண்ணு' என்று அம்மாவுக்குப் புரியுமாம். இவள் அப்படியே அம்மாவின் ஜாடை. எனவே இவளே அம்மாவாகி, இவளுடைய குழந்தை இவளாகி, முப்பது வருடப் பழைய படம் ஒன்று இன்றைக்கே தயாராக வேண்டும்.

"கவலையை விடுங்க. ஃபிலிமும் காலாவதி, கேமராவும் காலாவதி. கலர் பரிசோதனை பண்றேன்னு ஒரு கல்யாணப் பொண்ணை ஊதாவாக்கிட்டு, அடி வாங்காம தப்பிச்சவன் நான். புதுசைப் பழசாக்குறது நமக்குக் கைவந்த கலை. என் கடையைப் பாத்தாலே தெரியலையா?"

அடுத்த படத்துக்கு அவளை ஜன்னலோரம் நிறுத்தினார்.

"அம்மா என்ன கலர் புடவை உடுத்தியிருந்தாங்க?"

"எது நல்லா இருக்கும்?"

"நல்லா இருக்கறது கிடக்கட்டும். அந்தப் படத்துல எப்படி இருந்துச்சு? குழந்தை எந்தத் தோள்ல?"

"இடதுன்னு வச்சுக்குங்களேன்."

"வச்சுக்கணுமா?"

"அண்ணனை இடது தோள்லதான் வச்சிருப்பாங்க. அந்தப் படம் பாத்திருக்கேன்."

"சரி. அம்மா கேமராவைப் பாத்தாங்களா, குழந்தையைப் பாத்தாங்களா?"

அவள் யோசித்தாள். "குழந்தையை. குழந்தையையே பாக்கட்டும் சார்."

கேமரா கரகரவென்று படத்தைத் துப்பியது. அவர் அதைச் சட்டைக்குள் விட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"என்ன சார் இது?"

"இதுதாம்மா நம்ம கலர் லேப். ஹேர் டிரையர் காட்டினா அடுப்புல போட்ட மாதிரி சிவந்துடும். பதமான மஞ்சளுக்குக் கக்கச் சூடுதான். என் சம்சாரம் இதனாலேயே நான் எடுத்த படத்தைக் கையால தொடமாட்டா."

சற்றுப் பொறுத்து எடுத்துப் பார்த்தவர் தானே அசந்துபோனார். பழுப்பேறிய வெளிச்சம், மங்கிய ஓரங்கள். நடுவே, உலகத்தையே மறந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாய். பல வருடம் அலமாரித் துணிக்கடியில் யாரோ பத்திரமாக வைத்திருந்த படம் என்று சத்தியம் செய்யலாம்.

அவள் வாங்கி, படத்திலிருந்த தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி?"

"நல்லா இருக்கு சார்."

"அதைக் கேக்கலைம்மா. தொழில் மானம் ஒண்ணு இருக்கில்ல. தொலைஞ்சுபோன படம் மாதிரியே வந்திருக்கா, இல்லையா? நேராச் சொல்லுங்க."

அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"எந்தப் படமும் தொலையலை சார். நான் பொறந்த வாரமே அம்மா அண்ணனை மட்டும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க, என்னைத் தூக்கினதே இல்லை. இப்பதான் அவங்களுக்கு எல்லாம் மறந்திருக்கு… காட்டினா நம்பிடுவாங்க."