கேட்டால் மட்டும் வரும் வெத்

ரஷ்யாவில் வோத்து என்றொரு சின்ன மொழி. அதில் தண்ணீர் என்ற சொல்லுக்குப் பல வடிவங்கள். தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல வெசி வரும். கொஞ்சம் தண்ணீர் கொடு என்று கேட்க, மெய்யெழுத்தில் முடியும் வெத் வரும். தனியாக வராது, ஒரு குட்டி விகுதியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

ஒரு கிராமத்தில் அந்த மொழி தெரிந்தவர்கள் ஒலேனாவும் பக்கத்து வீட்டு மாத்வேயும் மட்டுமே. வேலித் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. மற்றவர்களோடு பேச ரஷ்ய மொழி இருந்தது.

"அண்ணே, இனி நம்மள யாராவது கூப்பிடுவாங்களா?" என்றது வெத்.

"என்னையாவது கிணத்தப் பார்த்து மனசுக்குள்ள நினைச்சுக்குவாங்க. இன்னொரு ஆள்கிட்ட கேட்டாத்தானேடா நீ உண்டு?" என்றது வெசி.

"கேக்காம எப்படிண்ணே இருக்க முடியும்?"

"ஆளுக்கொரு கிணறு வெட்டிட்டா முடியும்."

வெத்துக்கு அது விளங்கவே இல்லை.

அந்தக் கோடையில் ஒலேனாவின் கிணறு வற்றியது. வாளியோடு வந்து வேலியோரம் நின்றாள். விறகு பிளந்துகொண்டிருந்த மாத்வே நிமிரவில்லை.

"ரஷ்யத்துல கேட்டுட்டுப் போயிருவாளோ?" என்று விகுதி நடுங்கியது. வெத் அதன் கையை இறுக்கிப் பிடித்தது.

ரஷ்யச் சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, வெத்தையும் விகுதியையும் சேர்த்துச் சொன்னாள்.

மாத்வேயின் கோடரி நின்றது. அவர் வாளியை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொஞ்சத்துக்கு இவ்வளவு பெரிய வாளியா?" என்றார், அதே மொழியில்.