புதருக்குள் தேடியது

நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த காட்டுக்குள் நுழைந்த அசோக்குமார் திகைத்து நின்றார். தினமும் அவர் மண்டியிட்டுப் படம் எடுத்த புதர் மொட்டையாகக் கிடந்தது. தரையோடு பூத்திருந்த காட்டு ஆர்க்கிட் வேரோடு போயிருந்தது. யாரும் பறித்துவிடக் கூடாதென்று அந்தப் பூவைப் பற்றி அவர் எவரிடமும் மூச்சு விட்டதில்லை.

“யாரு இதை வெட்டச் சொன்னது?” என்று கத்தினார்.

கான்ட்ராக்டில் புல் வெட்டும் பொற்கொடி பதறி ஓடி வந்தாள்.

“நாங்கதான் வெட்டுனோம் சார். என்னா தேடிக்கினு இருக்கீங்கன்னு அன்னிக்கு நான் கேட்டப்ப, கல்யாண மோதிரம் வுழுந்துட்டுதுன்னு சொன்னீங்களே? வேலை முடிஞ்சதும் எல்லாரும் சேந்து தோண்டி, மண்ணச் சலிச்சுப் பாத்துட்டோம். கெடைக்கல. நாங்க எடுத்துக்கினோம்னு மட்டும் நெனச்சிடாதீங்க சார்.”

அசோக்குமார் கல்யாண மோதிரம் போட்டிருந்த கையை மெல்லப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.