பார்க்கக் கூடாத மாமியார்

"ஊர் உலகத்தையெல்லாம் கூட்டிட்டுப் போவே. எங்க அம்மாவை மட்டும் மாட்டே. அப்படித்தானே?"

அர்லிண்டா கேட்டாள். லியாண்டர் ஆட்டுக்கறிக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு டெல்பர்ட் கூட்டிட்டுப் போவான். பேசியாச்சு."

"உன் தங்கச்சி வீட்டுக்காரரா? அந்த ஆளு ஓட்டமா ஓடுவாரு. பத்துப் பேரை உள்ளே விட்டா எட்டுப் பேரோட வெளியே வருவாரு."

"அவ்வளவு மோசமில்ல. ஒன்பது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆள் நுழையும் அகலமே உள்ள ஆழமான பாறைப்பிளவுக்குள் சுற்றுலாக்காரர்களை அழைத்துப்போகும் வழிகாட்டிகளில் லியாண்டர்தான் நிதானமானவன். முழங்கால் வலிக்காரர்கள் அவன் பெயரைச் சொல்லியே டிக்கெட் கேட்பார்கள். அந்த டிக்கெட்டைக் கொடுப்பவள் அர்லிண்டா.

அவள் அம்மா எலோயீஸுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. குளிர்காலத்துக்குள் வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அதுக்குள்ள பிளவுல இறங்கிப் பார்த்துடறேன்" என்றாள் அம்மா. சின்ன வயதில் அதன் மேலே ஆடு மேய்த்தவள். எட்டிப் பார்த்ததோடு சரி, இறங்கியதில்லை. உள்ளே ஏணிகள் உண்டு என்று கேள்விப்பட்டதும், தண்ணீர்த் தொட்டியில் சாத்தியிருந்த ஏணியில் தினமும் ஏறி இறங்கிப் பழக ஆரம்பித்தாள்.

"யார் யாரோ கிழவிங்களைக் கையைப் பிடிச்சு இறக்கி விடறே. எங்க அம்மா கை சுடுமா?"

"அவங்க யாரும் என் மாமியார் இல்லையே."

மாமியாரும் மருமகனும் முகம் பார்த்தால் பார்வை போய்விடும். அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்காரர்களில் பழைய ஆட்கள் இன்னும் விடாத வழக்கம். லியாண்டர் வீட்டுக்கு வரும்போது சாலை வளைவிலேயே ஹாரன் அடிப்பான். அம்மா பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பாறைப்பிளவிலோ ஒதுங்க இடமே கிடையாது. ஒருவர் பின்னால் ஒருவர் உரசிக்கொண்டுதான் போக வேண்டும்.

"அவ கண்ணே போகப்போகுது. இனிமே உன்னைப் பார்த்து என்ன போயிடும்?"

"மிச்சம் இருக்கிறது போயிடும்."

"வசதியா ஒரு வழக்கம் மாட்டியிருக்கு உனக்கு. நேத்துகூட படி தெரியாம அம்மாவுக்குக் கால் வழுக்கிருச்சு. உனக்கென்ன!"

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

"எங்கே?"

"டெல்பர்ட்டோட கொஞ்சம் வேலை."

"ஒரு வாரமா சாயங்காலமானா வேலை! பந்தடிக்கிற வேலை!"

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அது தேய்ந்து மறைந்ததும் பின்னறைக் கதவு திறந்தது. அம்மா சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். கணுக்காலுக்கு மேலே சிராய்ப்பு காய்ந்திருந்தது.

"அவனை ஏன்டி போட்டுப் படுத்தறே?"

"உனக்காகத்தாம்மா. வலிக்குதா? பேசாம விட்டுடலாமே."

"எந்த ஷூ போட்டுக்கட்டும்? அதைச் சொல்லு."

காலையில் லியாண்டர் வேறொரு கூட்டத்தோடு வேறு பக்கம் போய்விட்டான். அர்லிண்டா தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பினாள். மணல் விழாமலிருக்க அம்மா தலையில் துணி கட்டிவிட்டாள். கைப்பை வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா வெல்வெட் ரவிக்கையும் நீலக்கல் மாலையும் போட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடும் முன்பே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

டெல்பர்ட் அன்றைக்கு ஓடவில்லை. நத்தைபோல நடந்தான்.

"என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?"

"வேகமா நடந்தா காலை உடைப்பேன்னு சொல்லியிருக்கான் உன் புருஷன்."

முதல் ஏணி வந்தது. இரும்புப் படிகள் பாறையின் நிறத்துக்கே துருவேறிப் போனவை, நல்ல கண்ணுக்கே அந்த இருட்டில் தெரியாது. அர்லிண்டா அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அம்மா குனிந்தாள்.

"வெள்ளையா இருக்கே" என்றாள். "ஒண்ணு ஒண்ணா தெரியுதுடி."

ஒவ்வொரு படியிலும் வெள்ளைத் துணி சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. பக்கத்துப் பாறையில், கை பிடிக்க வேண்டிய உயரத்தில், ஒரு வெள்ளைக் கயிறு தொங்கியது. அம்மா மகளின் கையை விலக்கிவிட்டுத் திரும்பி நின்று, முதல் படியில் காலை வைத்தாள். அடுத்ததில் வைத்தாள். இறங்கிக்கொண்டே போனாள்.

"இதெல்லாம் எப்போ கட்டினது, அண்ணே?"

"ஒரு வாரமா சாயங்காலம். எல்லா ஏணியும். கட்டினது அவன். அவன் விழுந்தா பிடிக்க நான்."

"லியாண்டரா? கண்ணை மூடிட்டு இறங்குற ஆளு. அவன் எதுக்கு விழணும்?"

"கண்ணாடி பூரா கிரீஸைத் தடவி மாட்டிக்கிட்டு இறங்கினா யார்தான் விழ மாட்டாங்க, தங்கச்சி? எதுக்குடா இந்தக் கூத்துன்னேன். 'அவங்க கண்ணால பார்த்தாத்தானே எங்கே கால் தவறும்னு தெரியும்'னான்."