நிமிஷத்துக்கு ஒரு அளவு

"பத்து பம்புக்குப் பத்து கேபிளா? அதிர்வை நொடிக்குப் பத்தாயிரம் தடவை அளக்கணுமா? அது என்ன பம்பா, ராக்கெட்டா?" ஆலைக்குப் புதிதாக வந்திருந்த மேலாளர் வரைபடத்தைத் தள்ளிவிட்டார்.

பொறியாளர் அதைத் தன் பக்கம் இழுத்தாள். வலது கை கோட்டுப் பையிலேயே இருக்க, நழுவிய தாளை முழங்கையால் அழுத்திக்கொண்டு, இடது கையால் பதினோராவது கோட்டையும் போட்டாள்.

"இது உபரி கேபிள் சார். ஒண்ணு அறுந்தா உதவும்."

மேலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேசையில் போட்டார்.

"நம்ம பழைய ஆலையோட திட்டம். பத்து பம்புக்கும் ஒரே கேபிள், நிமிஷத்துக்கு ஒரு அளவு. இதை எழுதின மனுஷன் விவரம் தெரியாதவரா?"

"ஆமா சார். அதிர்வு ஏறி பம்பு வெடிக்க நாப்பது செகண்ட் போதும். அங்க ரெண்டு அளவுக்கு நடுவுலதான் வெடிச்சுது. கம்ப்யூட்டர்ல கடைசி வரைக்கும் எல்லாம் சரின்னுதான் இருந்துச்சு."

"அடுத்தவங்க வேலையில குத்தம் கண்டுபிடிக்கிறது சுலபம்மா. அவர் எழுத்தைப் பாருங்க, முத்து முத்தா இருக்கு. உங்களோடது கோழி கிண்டின மாதிரி இருக்கு."

"ரெண்டும் என் எழுத்துதான் சார். அது வலது கையால எழுதினது."

அவள் பையிலிருந்து கையை வெளியே எடுத்தாள். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

மேலாளர் பழைய ஃபைலை மூடி ஓரமாக வைத்தார். பிறகு வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி, பேனாவைத் திறந்தார்.

"உபரி ஒண்ணு போதுமா மேடம்?"