ராமேஸ்வரத்துக்கு ஒரு பஸ்

"இன்னா தொரை, ராமேஸ்வரம் போறீங்களாமே! எங்களாண்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

வாசலில் நின்ற பஞ்சாட்சரத்தின் குரல் பிள்ளையார்பாளையத்தின் அத்தனை தறிச் சத்தத்தையும் அமுக்கிவிட்டது. வாய்க்குக் கொண்டுபோன இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தார் மெக்லீ பாதிரியார். நெசவாளர் வாயில் புகுந்து அவர் மாங்கிளி தொரையாகி ரொம்ப காலமாகிறது.

காஞ்சிபுரத்துக்கு வந்த நாள் முதல் அவர் ஒரு இட்லியை முழுசாகத் தின்றதில்லை. பாதியில் எதிர்த் தெருவிலிருந்து யாராவது வந்து கதவைத் தட்டிவிடுவார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை, தாலுகா ஆபீசுக்கு மனு, மாமியார் மருமகள் சண்டைக்குத் தீர்ப்பு. ஒருமுறை, காணாமல்போன ஆட்டைத் தேடித் தரச் சொல்லிக்கூட ஆள் வந்தது. தொரையும் தேடிக் கொடுத்தார்.

அவர் மனைவி ஆக்னஸுக்கு இருந்தது ஒரே ஆசை. அவரோடு தனியாக நாலு நாள். கடைசியாக இருவரும் தனியாக இருந்தது, கல்யாணமான கையோடு இந்தியாவுக்குக் கப்பலேறிய மாதம். அதிலும் பாதி நாள் அவருக்கு வாந்தி. அதற்கப்புறம் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அவருடைய முதுகுதான், கதவைத் திறக்க எழுந்து போகிற முதுகு.

போன வாரம் அவரேதான் சொன்னார். இருவரும் தங்களுக்குள் பேசுவதும் தெருத் தமிழ்தான். இங்கிலீஷ் துருப்பிடித்துப் போயிருந்தது.

"புயல்ல போன பாம்பன் பாலத்தக் கட்டி ரயில் உட்டுட்டாங்களாம். தீவுக்குப் போலாமா ஆக்னஸ்? நீயும் நானும் கடலும். தட்டறதுக்கு ஒரு ஆள் கிடையாது."

அப்போது அவள் முகம் சிவந்த சிவப்பில் ஒரு கூறைப்புடவைக்கே சாயம் போட்டிருக்கலாம்.

"யார் சொன்னது பஞ்சாட்சரம்?" என்றார் தொரை.

"தொரையம்மாதான். குழாயடியில எங்க ஊட்டுக்காரி அம்சவேணியாண்ட சொன்னாங்களாம், 'நானும் அவரும் ராமேஸ்வரம் போயி சும்மா இருக்கப் போறோம்'னு." பஞ்சாட்சரம் திடீரென்று இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார். "சும்மா இருக்கிறதுன்னா சும்மாவா தொரை? சிவஞானம் முத்தினாத்தான் அந்த நெலை வரும்! ஏகாம்பரநாதர் கோயில்ல நான் தலகீழா நின்னும் வரலையே, உங்களுக்கு வந்துட்டுதே!"

"ஐயோ, நான் காத்து வாங்கப் போறேன்பா!"

"ஆங், முத்தினவங்க இப்பிடித்தான் மறைப்பாங்க."

அதோடு விட்டாரா? ஆடி மாசம். கல்யாணம் கிடையாது, பட்டுப்புடவை கேட்க ஆளும் கிடையாது. அமாவாசைக்குக் கடலில் முழுக்குப் போட்டால் முன்னோருக்கும் செய்தாயிற்று. தொரைக்கே துணையாகப் போகிறோம் என்று தெருக்காரர்கள் பாம்பன் பாலம் வரைக்கும் ஒரு பஸ்ஸே பேசிவிட்டார்களாம், அதற்கப்புறம் ரயிலாம்.

தொரை திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"யார் யார் வராங்கபா? அம்சவேணி?" என்று மெல்லக் கேட்டாள் ஆக்னஸ்.

"மொத சீட்டே எங்க ஊட்டுக்காரிக்குத்தாம்மா."

"கமலவேணி ஊட்ல?"

"மாமியா, மருமவ ரெண்டு பேரும். நடுவுல ஒரு சீட்டு காலியா உட்டிருக்குது, சண்டை போட."

ஆக்னஸ் பெருமூச்சு விட்டாள். விட்ட வேகத்தில் எதிர்வீட்டுத் தறியில் பாவு நூலே ஆடியிருக்கும்.

நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது. தினமும் அவள் விசாரிப்பாள், பெருமூச்சு விடுவாள். தணிகாசலம் மட்டும், "தறியில பாதிப் பொடவ நிக்குது, நான் வரலபா" என்று அடம் பிடித்தான். ஒரு ஆளாவது குறைந்ததே என்று தொரைக்கு அற்ப சந்தோஷம். ஆக்னஸோ நேரே அவன் வீட்டுக்கே போய்விட்டாள்.

"ஊரே போவுது, உனக்கு மட்டும் இன்னா கொறைச்சல்? பொடவைக்குக் கால் மொளைச்சு ஓடிடுமா? கெளம்புபா!" என்று அவன் பையையும் தானே கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

எவ்வளவு பெரிய மனசு இவளுக்கு என்று தொரைக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்டவளுக்கு நாலே நாலு நாள் கொடுக்க முடியவில்லையே!

புறப்படும் நாள் காலையில் பஸ் வந்து நின்றது. அண்டா, குண்டா, பாய், படுக்கை எல்லாம் ஏறின. புளிச்சோற்றுக்கு மட்டும் மூன்று சீட்டு. படியில் தொங்கியபடி, "ஏறுங்க தொரை!" என்று கத்தினார் பஞ்சாட்சரம்.

"எனக்கு பஸ் ஆவாதுபா, தலை சுத்தும். நீங்க முன்னாடி போங்க, நாங்க ரயில்ல வந்துடறோம்" என்றாள் ஆக்னஸ். பஸ் முனை திரும்பும்வரை கை அசைத்தாள். திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் காதை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தாள்.

தொரை பெட்டியைத் தூக்கினார்.

"வா ஆக்னஸ், ரயிலுக்கு நேரமாவுது. தீவுல ரூம்பு கதவாண்ட இவங்க முன்னாடியே போயி நின்னுக்கினு இருப்பாங்க. என்ன மன்னிச்சிடு."

ஆக்னஸ் அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"ரயிலா, எந்த ரயிலு?" என்றாள். "தெருவையே மூட்ட கட்டி பஸ்ல ஏத்தி அனுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், உக்காருங்க, நாலு நாளைக்கு இதான் நம்ம தீவு!"