எறியாத கத்தி

பழங்கதை மன்னர் ஒருவர் சாகிற நெடும்பாட்டைக் கார்ன்வாலில் எங்கள் தேவாலயத் தேநீர் விருந்தில் வருஷாவருஷம் ஒப்பிப்பவர் பாஸ்கோ. இப்போது படுத்த படுக்கை. தன் வெள்ளிப்பிடிக் கத்தியை மகன் டிகோரியிடம் கொடுத்தார்.

"பாட்டுல மன்னரோட வாளை ஏரியில எறிஞ்சதும் தண்ணிக்குள்ளேருந்து ஒரு கை வந்து வாங்கிக்குமே, அந்த மாதிரி இதை எறிஞ்சிட்டு வாடா."

டிகோரிக்கு மனசு வரவில்லை. ஏரிவரை போய், கத்தியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு திரும்பினான்.

"எறிஞ்சியா?"

"எறிஞ்சிட்டேம்ப்பா."

"என்ன பார்த்தே?"

"தண்ணிதான். வேற யாரு, ராணியா வந்து நிப்பா?"

"பாட்டுலயும் வாளை எறியப் போன வீரன் முதல்ல இப்படித்தாண்டா புளுகினான்" என்று சிரித்தார்.

டிகோரி முகம் சிவந்து, போர்வையை இழுத்துவிடக் குனிந்தான். அப்பாவின் வலது கை முழங்கைவரை நனைந்து, ஏரிப்பாசி ஒட்டியிருந்தது. உள்ளங்கை விரிந்தே கிடந்தது.

"ரொம்ப நேரம் நீட்டிக்கிட்டே இருந்தேன்டா," என்றார். "குளிருது."