கம்பியின் நுனி

மெக்சிகோவின் சோனோரா பாலைமணலில் வெயில் வெள்ளையாகக் கிடக்கிறது. போதைக் கும்பல் இழுத்துப்போன என் மகன் எலாதியோவை இந்த முள்மரத்தடியில் புதைத்ததாக யாரோ தொலைபேசியில் சொன்னார்கள். காவலுக்கு வந்த சிப்பாய்கள் துப்பாக்கியோடு வண்டி நிழலில் நிற்கிறார்கள்; தேடுவது தாய்மார்களின் வேலை. இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறேன். ஓரிடத்தில் மண் சட்டென்று இளகி வழிவிடுகிறது. உருவி, நுனியை முகர்கிறேன். கீழே உடல் இருந்தால் வாடை ஒட்டிவரும். எனக்கு எதுவும் தெரியவில்லை. "சளி பிடிச்ச மூக்கை வெச்சுக்கிட்டுத் தேட வந்துட்டா பாரு. கொடுடி இங்க," என்கிறாள் நெரெய்தா. அவள் தன் மகளைத் தேடுகிறவள். முன்பொரு முறை அவள் பேச்சைக் கேட்டுச் செத்த நாயைத் தோண்டியெடுத்தோம். "இதுவும் நாய்தானா?" என்கிறேன். அவள் நிதானமாக முகர்கிறாள். சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றுகிறாள். "இல்லடி, ஒதிலியா. நீ உட்காரு. நான் தோண்டுறேன்." உட்காருகிறேன். என் முழங்கையில் ஓர் ஈ ஏறி நடக்கிறது. அழுகை வரும் என்று காத்திருக்கிறேன். பசிதான் வருகிறது. பயறு வைத்துச் சுருட்டிய கோதுமை ரொட்டியைப் பிரித்துக் கடிக்கிறேன். மண்வெட்டிச் சத்தம் நிற்கும்வரை மென்றுகொண்டே இருக்கிறேன்.